பத்தொம்பதாம் நம்பர் கேள்வி

இது நடந்த கதை. என் கண்ணு முன்னாடி, என் காது பக்கத்துல, பாதி என் வாயாலயே நடந்த கதை. இதுல ஒரு சொட்டு பொய் கலந்திருந்தா என் நாக்கு இப்பவே அறுந்து இந்த மேசை மேல விழட்டும்.

விழல, பாத்தீங்களா? அதுக்காக ரொம்பவும் நம்பிடாதீங்க. நான் சொல்றதுல ஆளோட உசரம், மாடிக் கணக்கு, அழுத கண்ணீரு இதையெல்லாம் ரெண்டால வகுத்துக்கங்க. மூணால வகுத்தாலும் எனக்குக் கோவம் வராது. ஆனா அந்தக் கேள்வி, அதுக்கு எழுதின பதிலு, அப்புறம் வந்த கடுதாசி, இந்த மூணு மேலயும் நான் கை வைக்கல. வைக்க எனக்கே பயமா இருக்கு.

எங்களது லிஃப்ட் மாட்டுற, ரிப்பேர் பண்ற கம்பெனி. நான் கயிறு கட்டுறவன். அதனால என்னைக் கூப்புடுறதே கயிறுன்னுதான், என் பொண்டாட்டி உட்பட. போன வாரம் வெல்டிங் வேலைக்கு ஒரு அக்கா புதுசா வந்து சேந்துச்சு. வியாழக்கிழமை மத்தியானம் பட்டறையில சாப்பாட்டு டப்பாவைத் தொறந்து வச்சிக்கிட்டு அது கேட்டுச்சு: "ஏன் கயிறு, காலையில ஒருத்தரு சுவத்தைப் புடிச்சிக்கிட்டே வீட்டுக்குப் போனாரே, யாரு அது? வேலைக்கே குடிச்சிட்டு வந்துடுவாரா?"

ஸ்டோர் ரூமைப் பாத்துக்கற பெரியவரு டப்பாவை மூடிட்டாரு. எலக்ட்ரீசியனை நாங்க கரண்டுன்னு கூப்புடுவோம், அவன் திரும்பி ஜன்னலைப் பாத்தான். அந்த ஜன்னலுக்கு வெளிய பாக்க ஒண்ணும் கிடையாது, சுவருதான் இருக்கு.

"குடிக்கலக்கா. அவரு நூலண்ணன்"ன்னேன். "கதையா சொல்லட்டுமா?"

"சுருக்கமா சொல்லு."

"சுருக்கமா சொல்லத் தெரிஞ்சா நான் ஏன்க்கா கயிறு கட்டறேன், மேனேஜராயிருப்பேனே."

அதுகிட்டயும் எல்லாத்தையும் ரெண்டால வகுத்துக்கச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சேன்.

லிஃப்ட் ஏறி எறங்குற பொந்தை நாங்க கெணறுன்னு சொல்லுவோம். அதுக்குள்ள ரெண்டு பக்கமும் இரும்புத் தண்டவாளம் நிக்கும். மேல இருந்து கம்பியில குண்டு தொங்கவிட்டு அது நேரா இருக்கான்னு பாப்பாங்க. எங்காளுக்குக் குண்டு தேவையில்ல. அண்ணாந்து ஒரு பார்வை, "ஒரு மயிரிழை வலது பக்கம் சாஞ்சிருக்குடா"ன்னுவாரு. குண்டு விட்டுப் பாத்தா சரியா ஒரு மயிரிழை சாஞ்சிருக்கும். அதான் நூலு. ஆளும் நூலு மாதிரிதான், ஒம்பது அடி உசரம், ஒரு சாண் அகலம். தண்டவாளத்துல காதை வச்சார்னா ஏழாவது மாடி கதவுல எறும்பு நடக்குதா ஈ உக்காந்திருக்கான்னு சொல்லிடுவாரு. பேச்சும் அப்படித்தான், நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கும். பாக்கி ரெண்டு திருகு முடுக்கலன்னா முடுக்கலன்னு மொதலாளிகிட்டயே போய்ச் சொல்லிட்டு வாங்கிக் கட்டிக்கிற ஜாதி.

பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அவரு கெணத்துக்குள்ள விழுந்தாரு. நான் எல்லார்கிட்டயும் எட்டு மாடின்னு சொல்லுவேன். ஒண்ணரை மாடி. விழுந்த எடம் லிஃப்ட் கூண்டோட தலை, அதனால உசுரு இருந்துச்சு. இடுப்புதான் போச்சு. ஆஸ்பத்திரியில வலி மாத்திரை குடுத்தாங்க. அது தீந்ததும் தெருமுனைக் கடையில அதே மாத்திரை. கடைக்காரன் இல்லன்னதும் எவனோ ஒரு புண்ணியவான் கஞ்சாப் பொட்டலத்தைக் காட்டிட்டான். ரெண்டு வருஷம். ராத்திரி படுக்க ரெண்டு இழுப்பு, காலையில எந்திரிக்க மாத்திரை ரெண்டுன்னு ஓடிச்சு. வேலைக்கு வருவாரு, தண்டவாளத்துல காதை வைப்பாரு, ஆனா ஒண்ணும் கேக்காது. ஒரு நாள் காதை வச்சபடியே அழுதாரு. கெணறே ரொம்பி வழிஞ்சிச்சு.

"வகுத்துக்கறேன்"னு வெல்டரக்கா சொல்லிச்சு.

அண்ணிக்குத் தெரிஞ்சிடுச்சு. கத்தல, ஊரைக் கூட்டல. அவரை ரூமுக்குள்ள தள்ளி, வெளிய தாழ்ப்பா போட்டு, கதவுல முதுகைச் சாய்ச்சிக்கிட்டு உக்காந்துடுச்சு. சோறு தண்ணி ஜன்னல் வழியா. பதினோரு நாளு. உள்ள இருந்து கெஞ்சுவாராம், திட்டுவாராம், அண்ணியோட அப்பா தாத்தா எல்லாரையும் இழுப்பாராம். அது உக்காந்த எடத்துலயே துணி மடிச்சிருக்கு. பன்னெண்டாம் நாளு உள்ள இருந்து, "கதவுக் கீலு கிறீச்சுங்குது, எண்ணெய் விடு"ன்னு குரல் வந்துச்சாம். அண்ணி உடனே கதவைத் தொறந்துடுச்சு.

அதோட சரி. ஒம்பது வருஷம் ஆச்சு. போன மழைக்கு இருமி இருமி நெஞ்சே பேந்து வர்ற மாதிரி ஆயிடுச்சு. "ஒரு மூடி மருந்து குடிங்கண்ணே"ன்னு நீட்டினேன். "வேணாம்டா, அதுல என்ன கலந்திருக்குன்னு எவன் கண்டான்"னு வெந்நியைக் குடிச்சிட்டு இருமுனாரு.

இதுக்கு நடுவுல டாக்டரு சொல்லிட்டாரு: இன்னும் ரெண்டு வருஷம் கெணத்துல ஏறி எறங்கினா அப்புறம் நடக்கவே முடியாது. கெணத்துல எறங்காத மெக்கானிக்குக்கு எங்க கம்பெனியில என்ன வேலை? ஒரே ஒரு வேலை வந்துச்சு. ஒரு பெரிய அரசாங்கக் கட்டடம், உள்ள என்ன பண்றாங்கன்னு கேக்கவே கூடாது. நாங்க அதைக் கோட்டைன்னு சொல்லுவோம். அதுல ஆறு லிஃப்ட். ஒரு மெக்கானிக் எப்பவும் உள்ளயே இருக்கணும். ஏற வேணாம், எறங்க வேணாம். மிஷின் ரூமுல முதுகு வச்ச நாக்காலி. சத்தத்தைக் கேட்டு இது கோளாறு, அது கோளாறுன்னு சொன்னாப் போதும். அந்த நாக்காலியையே அவருக்காகத்தான் செஞ்ச மாதிரி இருந்துச்சு.

ஆனா உள்ள போக பாஸ் வேணும். ஆளோட பூர்வீகத்தையே தோண்டி எடுத்து, வெயில்ல காய வச்சு, உதறிப் பாத்துட்டுக் குடுக்கற பாஸு. முப்பத்தாறு பக்க ஃபாரம். அதுல பத்தொம்பதாம் நம்பர் கேள்வி: எப்பவாவது போதைப் பொருள் பயன்படுத்தினது உண்டா?

அண்ணியோட தம்பி ஒருத்தன் இருக்கான். அரசாங்க ஆபீஸ் வாசல்ல மேசை போட்டு ஜனங்களுக்கு ஃபாரம் எழுதிக் குடுக்கறவன். ஃபாரம் மச்சான். அவன்தான் எழுதினான், நானும் பக்கத்துல இருந்தேன்.

நூலண்ணன் கேட்டாரு, "மாப்ள, இதுக்கு ஆமான்னுதானே போடணும்?"

மச்சான் பேனாவைக் காதுல சொருகிக்கிட்டான். "மாமா, உங்களுக்கு லிஃப்ட்டு தெரியும், எனக்கு ஃபாரம் தெரியும். ஆமான்னு போட்டா கீழ பாருங்க, 'ஆம் எனில் விவரத்தைத் தனித்தாளில் இணைக்கவும்'. தனித்தாள் இணைச்ச ஃபாரம் எங்கயாவது பாஸாகி நான் பாத்ததே இல்ல. இருபது வருஷமா எல்லாத்துக்கும் 'இல்லை' எழுதித்தான் எத்தனை பேரைக் கரையேத்தியிருக்கேன். ஒரு தரம் அவசரத்துல, மனைவி உண்டான்னு கேட்டதுக்கும் இல்லைன்னு எழுதிட்டேன். அந்தம்மா பக்கத்துலயே நிக்குது. ஃபாரம் பாஸாயிடுச்சு மாமா!"

"அது பொய்யாச்சே."

"ஃபாரத்துல எழுதினா பொய்யில்ல மாமா. அது பதிலு."

அண்ணி உள்ள இருந்து சொல்லிச்சு, "வலிக்குத்தானே சாப்ட்டீங்க. ஜாலிக்கா சாப்ட்டீங்க? எழுதுடா இல்லைன்னு."

நூலண்ணன் அந்தத் தாளை ரொம்ப நேரம் பாத்தாரு. தண்டவாளத்தைப் பாக்கற மாதிரியே பாத்தாரு. அப்புறம் கையெழுத்துப் போட்டாரு. எழுதினதை ஒருத்தர்கிட்டயும் சொல்லல. என்கிட்ட மட்டும், "வெளிய சொல்லாத"ன்னாரு.

"நீதான் சொல்லிட்டியா?"ன்னு வெல்டரக்கா நிமிந்துச்சு.

"ஐயோ, நான் அதைச் சொல்லலக்கா. வேற சொன்னோம்."

எங்க பட்டறையில ஒரு வழக்கம் இருக்கு. நேர்ல இருக்கும்போது ஒருத்தனை ஒருத்தன் காறித் துப்பாத குறையாத் திட்டுவோம். ஆனா வெளியாளு வந்து, "அவரு எப்படிங்க?"ன்னு கேட்டுட்டா, தலையில தூக்கி வச்சிக்கிட்டு ஆடுவோம். ஒருத்தன் ஒரு படி தூக்கினா அடுத்தவன் ரெண்டு படி தூக்கணும். இல்லன்னா அன்னைக்கு டீ அவன் வாங்கணும்.

ஒரு நாள் விசாரிக்க ஒரு ஆபீசரு வந்தாரு. மீசை கிடையாது, அதட்டல் கிடையாது, நம்ம பக்கத்து வீட்டு மாமா மாதிரி இருந்தாரு. ஃபைலைத் தொறந்து வச்சிக்கிட்டு மொதல்ல ஸ்டோர் பெரியவரைக் கேட்டாரு.

"தங்கமான மனுஷன் சார்"ன்னாரு பெரியவரு. "கை சுத்தம், வாய் சுத்தம். நடுவுல இடுப்பு வலிக்குன்னு வாரத்துக்கு ரெண்டு பொட்டலம் இருந்துச்சு. ஆனா விட்டாரு பாருங்க, அதுல்ல ஆம்பளைத்தனம்!"

ஆபீசரு பேனாவை நிறுத்தினாரு. "விட்டுட்டாரா?"

அவரு அசந்துபோயிட்டாருன்னு நாங்க நெனச்சிக்கிட்டோம். கரண்டு முன்னாடி வந்தான். "வாரம் ரெண்டுன்னா எவன் வேணா விட்டுடுவான் சார். தினம் ஒண்ணு! அதை விட்டாரு!"

அப்ப நான் மட்டும் சும்மா இருப்பனா? எனக்கு இருக்கற வாய்க்கு? நூலண்ணன் மேல எனக்கு இருக்கற பாசத்துக்கு? நடுவுல பூந்தேன். "இவங்களுக்கு என்ன சார் தெரியும், நான் கூடவே இருந்தவன். ஒரு நாளைக்கு நாப்பது பொட்டலம்! பொகையில ஆளே தெரியாது, குரலு மட்டும் வரும். அப்படிப்பட்ட மனுஷன் பதினோரே நாள்ல எல்லாத்தையும் ஒதறிட்டு எந்திரிச்சாரு. இவருக்குக் குடுக்காம வேற எவனுக்கு சார் பாஸ் குடுப்பீங்க?"

"எழுதிக்கலாமா?"ன்னாரு ஆபீசரு.

"அழுத்தி எழுதுங்க சார்!"

எழுதினாரு. மூணு பேரும் கீழ கையெழுத்துப் போட்டோம். போகும்போது அவருக்கு டீ வேற வாங்கிக் குடுத்தோம், பெரிய கிளாஸுல. படி கம்மியாத் தூக்கினதுக்கு டீக்காசு பெரியவரு தலையில விழுந்துச்சு.

வெல்டரக்கா கையில எடுத்த சோத்தை டப்பாவுலயே போட்டுச்சு. "அடப் பாவிங்களா"ன்னுச்சு. "ஃபாரத்துல இல்லைன்னு எழுதியிருக்காருன்னு உனக்குத்தான் தெரியுமே கயிறு!"

"தெரியும்க்கா. அந்த நேரத்துல ஞாபகம் வரல. பேச்சு வந்தா எனக்கு வேற எதுவும் வராது."

நாலு மாசம் கழிச்சுக் கடுதாசி வந்துச்சு. பாஸ் இல்ல. விளக்கம் சொல்றதா இருந்தா இன்ன தேதிக்கு நேர்ல வரலாம். துணைக்கு நான் போனேன். அஞ்சாவது மாடி. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன், கதவு சரியாச் சாத்தல. உள்ள ஒரு மேடம். கண்ணாடி போட்டு, ஒரு அக்கா மாதிரிதான் பேசுனாங்க.

"விழுந்ததுக்கு ஆஸ்பத்திரி சீட்டு இருக்கா?"ன்னாங்க.

"இருக்குங்கம்மா."

"ஒம்பது வருஷமா தொட்டதே இல்லையா?"

"இருமல் மருந்து கூட இல்லீங்கம்மா."

"அப்ப அதைப் பத்தொம்பதாம் கேள்வியில எழுதி, இந்தச் சீட்டையும் ஒரு டாக்டர் கடுதாசியையும் இணைச்சிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேனே. போன மாசம் கூட இதே மாதிரி ரெண்டு பேருக்குப் போட்டேன். எல்லாரும் மனுஷங்கதானே. பழசு இருக்கக்கூடாதுன்னு நாங்க பாக்கறதில்ல. ஒருத்தர் ஒண்ணை மறைக்கிறாருன்னா, நாளைக்கு வேற எவனாவது அதை வச்சு அவரை மிரட்டி உள்ள இருக்கற விஷயத்தைக் கேக்கலாம். அதுக்குத்தான் அந்தக் கேள்வியே."

"இப்ப எழுதித் தரேங்கம்மா. உள்ளது உள்ளபடி எழுதறேன்."

மேடம் தாளைப் பொரட்டுற சத்தம் கேட்டுச்சு. "எதை நம்பச் சொல்றீங்க? உங்க ஃபாரத்துல ஒண்ணுமே இல்ல. ஒருத்தர் வாரத்துக்கு ரெண்டுங்கறாரு. ஒருத்தர் தினம் ஒண்ணுங்கறாரு. இன்னொருத்தர் நாளைக்கு நாப்பதுங்கறாரு. எல்லாரும் உங்க கூட்டாளிங்கதான்."

நூலண்ணன் நெனச்சிருந்தா, "அந்தக் கடைசி ஆளு புளுகன்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதவு தொறந்திருக்குன்னு அவருக்குத் தெரியும். நான் உக்காந்திருக்கறதும் தெரியும். "நல்லவங்கம்மா அவங்க"ன்னு மட்டும் சொன்னாரு.

கீழ எறங்க அந்த ஆபீஸ் லிஃப்ட்டுலதான் ஏறினோம். நான் என்னென்னமோ சொல்ல வாயெடுத்தேன். அவரு சுவத்துல காதை வச்சு, "மூணாவது மாடிக் கதவுல ரோலர் தேஞ்சிருக்குடா"ன்னாரு. 

அந்த நாக்காலிக்கு இருபத்தஞ்சு வயசுல ஒருத்தன் போனான். நல்ல பையன்தான். ஆனா கோட்டையில ரெண்டாம் நம்பர் லிஃப்ட்டு ஒரு நாள் மக்கர் பண்ணிச்சு, அவனுக்குப் புரியல. கம்பெனி நூலண்ணனை அனுப்பிச்சு. வாசல்லயே நிறுத்திட்டாங்க. வெளிய ரோட்டோரம் நின்னுக்கிட்டு அவரு காவக்காரர்கிட்ட சொல்லணும், காவக்காரரு உள்போனுல அந்தப் பையன்கிட்ட சொல்லணும்.

"சத்தம் எப்படி வருதுன்னு கேளுங்க"ன்னாரு நூலண்ணன்.

காவக்காரரு கேட்டுட்டு, "டொக்கு டொக்குங்குதாம்"ன்னாரு.

"டொக்கா, டக்கா?"

"டொக்குக்கும் டக்குக்கும் நடுவுல."

"கொஞ்சம் அதே மாதிரி பண்ணிக் காட்டச் சொல்லுங்க."

காவக்காரரு போனைக் காதுல வச்சிக்கிட்டு, தொப்பியோட, தோள்ல துப்பாக்கியோட, நாக்கை மடக்கி டொக், டக், டுக்குன்னு பண்றாரு. நான் வயித்தைப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சேன். நூலண்ணன் சிரிக்கல. கண்ணை மூடி, தலையைச் சாய்ச்சு, அந்த ஆளோட வாயிலேருந்து லிஃப்ட்டைக் கேக்கப் பாத்தாரு. ஒரு மணி நேரம் வெயில்ல நின்னாரு. கண்டுபுடிக்கவும் செஞ்சாரு. காவக்காரரு சல்யூட் அடிச்சிட்டு, "ஐயா, நீங்க உள்ளயே வேலைக்கு வந்துடலாமே"ன்னாரு.

அதுக்கப்புறம் அவரு பழையபடி கெணத்துக்கே வந்துட்டாரு. இன்னைக்குக் காலையில மூணாவது மாடியில தொங்கிக்கிட்டிருக்கும்போது இடுப்பு புடிச்சிக்கிச்சு. மேலயும் வர முடியல, கீழயும் போக முடியல. நானும் கரண்டும்தான் கயித்துல கட்டித் தூக்கினோம். மூட்டை மாதிரி வந்தாரு. கனமே இல்ல. இதை நீ வகுக்க வேணாம்க்கா, அப்படியே வச்சிக்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்ண்ணேன்னா, "ஊசி போடுவாங்க, மாத்திரை குடுப்பாங்க, வேணாம்டா"ன்னுட்டு சுவத்தைப் புடிச்சிக்கிட்டு நடந்தாரு. அதைத்தான் நீ பாத்த. டாக்டரு சொன்ன ரெண்டு வருஷத்துல ஒண்ணேகால் போயிடுச்சு.

நான் டப்பாவை மூடினேன். கதை முடிஞ்சிடுச்சுன்னுதான் நெனச்சேன்.

வெல்டரக்கா விடல. "மறுபடி மனுப் போட வழியே கிடையாதா? மேடம் ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னாங்க"ன்னேன். வாயை மூடத் தெரியாத ஜென்மம்தானே நான். "மூணு மாசத்துக்குள்ள சாட்சி சொன்ன மூணு பேரும் நேர்ல வந்து, சொன்னது தப்பு, உண்மை இதுன்னு எழுதிக் குடுத்தா ஃபைலை ஒரு தரம் திருப்பித் தொறக்கலாம், தொறந்தாலும் கெடைக்கும்னு உறுதியில்லன்னாங்க. நூலண்ணன் நம்மகிட்டக் கேக்க மாட்டேன்னுட்டாரு."

ஸ்டோர் பெரியவரு மெதுவா எந்திரிச்சாரு. "என்னைக்கு முடியுது அந்த மூணு மாசம்?"

"இன்னைக்கு. அஞ்சு மணிக்கு."

"மூணு மாசமாத் தெரிஞ்சு வச்சிருந்தியாடா?"

"பெரியவரே, அரசாங்க ஆபீசர்கிட்டப் பொய் சொன்னேன்னு எழுதி நானே கையெழுத்துப் போட்டா, எனக்கு இருக்கற அரசாங்க ஆஸ்பத்திரி லிஃப்ட்டு வேலை பாஸையும் புடுங்கிடுவான். எனக்கும் ரெண்டு புள்ளைங்க..."

"உன் பாஸு! உன் நாப்பது பொட்டல வாய்க்கு ஒரு பாஸு!"

"நீங்கதானே ஆரம்பிச்சீங்க! பொட்டலம்ங்கற பேச்சை மொதல்ல எடுத்தது யாரு?"

"நான் சொன்னது உள்ளதுடா! வாரத்துக்கு ரெண்டு! உண்மை சொன்னவன் எதுக்குடா தப்புன்னு எழுதிக் குடுக்கணும்? என் கையெழுத்து வராது!"

"அப்ப நான் மட்டும் மாட்டணுமா?"ன்னு கரண்டு கத்தினான். "என் தம்பி போலீசு வேலைக்கு எழுதியிருக்கான். அண்ணன்காரன் பொய் சாட்சின்னு இருந்தா அவனை எடுப்பானா? டேய் கயிறு, நீ அன்னைக்கு வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா..."

"நீ தினம் ஒண்ணுன்னு ஏன்டா ஏத்தின?"

"டீ வாங்கணுமேன்னு ஏத்தினேன்டா!"

பெரியவரு என் சட்டையைப் புடிச்சாரு. கரண்டு பெரியவரு கையைப் புடிச்சான். டப்பா உருண்டு கொழம்பு என் கால்ல கொட்டிச்சு. வெல்டரக்கா நடுவுல பூந்து, "மணி ஒண்ணரைதான்யா ஆகுது, மூணு பேரும் ஒரே வண்டியில போனா..."ன்னு கத்திச்சு.

"இந்தப் புளுகனோட ஒரே வண்டியிலயா?"ன்னு பெரியவரு என்னைத் தள்ள, நான் கரண்டு மேல விழ, அவன் ஸ்டூலைத் தூக்கிட்டான்.